தள்ளிப் பிடிப்பதும் தள்ளிப் போடுவதும்

தமிழில் வெள்ளெழுத்து முதலில் விழுங்குவது புள்ளியை. ‘பல்’ என்று அச்சிட்டிருப்பது ‘பல’ என்று தெரியும். ‘கல்’, ‘கல’ ஆகும். அடுத்து ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றுபோல் ஆகிவிடும். ‘கெடு’ என்று போட்டிருக்கிறதா ‘கேடு’ என்று போட்டிருக்கிறதா என்பதை வாக்கியம் முடிந்த பிறகுதான் தீர்மானிக்க முடியும். அச்சகங்களில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன் என்பதால் இந்த வரிசை எனக்கு மனப்பாடம். நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் 8 என்று இருக்க வேண்டிய முகூர்த்த நேரம் 6 என்று அச்சாகியிருந்ததைக் காணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்நூறு பத்திரிகையும் மறுபடி அச்சாயிற்று. அப்போதுகூட நான் கண்ணாடிக்குப் போகவில்லை. மேசை விளக்கை அருகில் இழுத்துக்கொண்டேன், தாளைத் தள்ளிப் பிடித்தேன், இன்னும் ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

காரணம், சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருந்த ஒரு வாக்கு. “சீக்கிரம் கண்ணாடி போட்டுராதீங்க. ஒருதடவை போட்டா கண்ணு அதுக்குப் பழகிரும். அப்புறம் பவர் ஏறிக்கிட்டேதான் போகும். முடிஞ்சவரைக்கும் கண்ணுக்கு வேலை குடுங்க.” டீக்கடையில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் சொல்வார்கள், பட்டம் வாங்கியவர்கள் சொல்வார்கள், ஆசிரியர்கள் சொல்வார்கள். அன்போடுதான் சொல்வார்கள். சொல்பவர்கள் நல்லவர்கள் என்பதாலேயே இந்த வாக்கை யாரும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதில்லை. நான் கேட்கிறேன். இது முழுத் தவறு. பாதி உண்மைகூட இதில் இல்லை. இதைக் கேட்டு நடந்தவர்கள் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட நல்ல வருடங்களை மங்கலாகக் கழித்தார்கள். என் அம்மா கழித்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கண்ணின் உள்ளே இருக்கும் வில்லையைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அந்தத் தசைக்கும் வில்லைக்கும் நடுவே நுண்ணிய இழைகள். தூரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்வில் இருக்கும், இழைகள் விறைப்பாக வில்லையை இழுத்துத் தட்டையாக வைத்திருக்கும். பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் தசை சுருங்கி இழைகளைத் தளர்த்தும். வில்லை தன் நெகிழ்ச்சியால் தானே உப்பிக்கொள்ளும். உப்பினால் கிட்டத்தில் இருப்பது தெளியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1855இல் விளக்கிய முறை இது. இன்றும் அடிப்படை மாறவில்லை.

அந்த வில்லை வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது. புதுப் படலங்கள் மேலே மேலே சேர, பழையவை உள்ளே நெருங்கி இறுகுகின்றன. பத்து வயதுப் பிள்ளை ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துக்கூட எழுத்தைப் பார்த்துவிடும். நாற்பதில் அந்த எல்லை ஏறக்குறைய இருபது சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போகிறது. ஐம்பதைத் தாண்டும்போது அரை மீட்டரை நெருங்குகிறது. எல்லையிலேயே நின்று நெடுநேரம் படிக்கவும் முடியாது. இருக்கும் பலத்தில் பாதியைக் கையிருப்பாக வைத்தால்தான் தலைவலி இல்லாமல் ஓடும். ஆகவே நாற்பதில் எதுவும் புதிதாகப் பழுதாகிவிடவில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்தே நடந்துவருவது, நாற்பதையொட்டி நம் கையின் நீளத்தோடு மோதுகிறது. நம் பெரியவர்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். வெள்ளெழுத்துக்குச் சாளேசரம் என்று இன்னொரு பெயர் உண்டு. வடக்கே நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மராத்தியில் இந்தக் குறையின் பெயரே ‘சாளிஷி’. படித்ததால் வருவது, தைத்ததால் வருவது, செல்போன் பார்த்ததால் வருவது என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. நாற்பது என்கிறது, அவ்வளவுதான்.

இனி அந்த ‘பவர் ஏறும்’ வாதத்துக்கு வருவோம். பவர் ஏறுவது உண்மை. நாற்பத்துச் சொச்சத்தில் பிளஸ் ஒன்றில் தொடங்குபவருக்கு ஐம்பதில் ஒன்றே முக்காலோ இரண்டோ தேவைப்படும், அறுபதில் இரண்டரை. ஆனால் ஏற்றியது யார்? வளரும் பிள்ளைக்கு வருடா வருடம் சட்டை பெரிதாகத் தைக்கிறோம். சட்டை தைத்ததால்தான் பிள்ளை வளர்ந்தது என்று ஒருவர் சொன்னால் அவரிடம் என்ன சொல்வோம்? வில்லை இறுகிக்கொண்டே வருகிறது, கண்ணாடி அந்தக் கணக்கைப் பின்தொடர்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கண்ணாடி போடுவதால்தான் பவர் ஏறுகிறது என்றால், நாற்பத்திரண்டில் போட்டவருக்கு அறுபதிலும் எழுபதிலும் எண்பதிலும் ஏறிக்கொண்டே போக வேண்டும். போகிறதா? அறுபதையொட்டி நின்றுவிடுகிறது, ஏனென்றால் அதற்குமேல் இழப்பதற்கு அந்த வில்லையில் நெகிழ்ச்சி மிச்சமில்லை. இருபது வருடமாகக் கண்ணாடி போடும் அறுபது வயதுக்காரருக்கும், அறுபது வயதில் முதன்முதலாகக் கண்ணாடி தொட்ட கிராமத்துக்காரருக்கும் கடைசியில் எழுதித் தரப்படுவது ஏறக்குறைய ஒரே பவர்தான். கண் பரிசோதனை முகாமில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால் போதும், இது விளங்கிவிடும்.

“போட்ட பிறகு கழற்றினால் முன்னைவிட மங்கலாகத் தெரிகிறதே, கண்ணு கெட்டுத்தானே போச்சு?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் பொய் இல்லை, அனுபவம் இருக்கிறது. கண்ணாடிக்கு முன்பு நாம் இமையைச் சுருக்கினோம், தாளை நகர்த்தினோம், வெயிலுக்குத் திருப்பினோம், தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்பினோம். கண்ணும் மூளையும் படாத பாடுபட்டு மங்கலைச் சமாளித்துக்கொண்டிருந்தன. கண்ணாடி வந்ததும் அந்தப் பாடு தேவைப்படவில்லை. தெளிவு எப்படி இருக்கும் என்று தெரிந்தும்விட்டது. ஆகையால் கழற்றியவுடன் மங்கல் மங்கலாகவே தெரிகிறது. நேற்றுவரை அதே மங்கலில்தான் இருந்தோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் இருந்தது.

‘கண்ணுக்கு வேலை கொடு’ என்ற உபதேசத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கிட்டத்தில் பார்ப்பதற்கும் வில்லைக்கும் சம்பந்தமே இல்லை, கண்ணுக்கு வெளியே இருக்கும் தசைகள் கண்விழியை நீட்டிக் குறுக்குவதால்தான் பார்வை மாறுகிறது, பயிற்சி செய்தால் கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்பது அவர் கொள்கை. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1942இல் அதை ஆதரித்து ஒரு நூலே எழுதினார். புதுச்சேரிவரை அந்த முறை வந்து வேரூன்றியிருக்கிறது. உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொள்வது, பெருவிரலை அருகே கொண்டுவந்து தூரே கொண்டுபோவது என்று இன்று செல்போன் காணொளிகளில் வருபவற்றில் பலவற்றின் மூலம் அங்கேதான் இருக்கிறது.

பேட்ஸின் கொள்கையை அவர் பிறப்பதற்கு முன்பே ஒருவர் உடைத்துவிட்டார். இங்கிலாந்தின் தாமஸ் யங். 1801இல் வெளியான ஆய்வில், தன் கண்ணையே தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தார் அவர். தண்ணீர் பட்டால் கருவிழிப் பரப்பின் வளைவு வேலை செய்யாது. அப்போதும் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் அவரால் பார்வையை மாற்ற முடிந்தது. கண்விழி நீளுகிறதா என்றும் அளந்து பார்த்தார், நீளவில்லை. அதோடு நிற்காமல், கண்புரைக்காக வில்லையை அகற்றிக்கொண்டவர்களைச் சோதித்தார். அவர்களிடம் அந்தச் சக்தி அறவே இல்லை. வேலை செய்வது வில்லைதான் என்று ஆயிற்று. பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: முதுமையிலும் அந்த வளையத் தசை சுருங்கத்தான் செய்கிறது. தசை தன் கடமையைச் செய்கிறது, வில்லைதான் உப்ப மறுக்கிறது. களைக்காத தசைக்குப் பயிற்சி கொடுத்து இறுகிய வில்லையை இளக்குவது எப்படி? கண்ணை மூடி ஓய்வெடுப்பது நல்லதுதான், கண்ணெரிச்சல் தணியும். அது வேறு, வெள்ளெழுத்து வேறு.

பொன்னாங்கண்ணியும் கேரட்டும் இதே வகை. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கருவிழியே பாழாகும். அதற்குக் கீரை மருந்து. நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். ஐம்பது வயது வில்லையைப் பத்து வயது வில்லையாக்கும் கீரை எந்தப் பாத்தியிலும் முளைக்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சாட்சிகள் மனிதர்கள். “எங்க பெரியப்பா எண்பத்திரண்டு வயசுவரைக்கும் கண்ணாடி இல்லாம பேப்பர் படிச்சாரு.” இப்படி ஒருவர் இல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். எங்கள் வீட்டிலும் இருந்தார். அவரை வைத்துத்தான் எங்கள் எல்லோரையும் கண்டித்தார்கள். நான் பின்னாளில்தான் யோசித்தேன்: அதே பெரியப்பா பேருந்து நிலையத்தில் பெயர்ப்பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கேட்டு ஏறுவார். திருவிழாக் கூட்டத்தில் எதிர்ச்சாரியில் வரும் தம்பியை அடையாளம் தெரியாமல் கடந்து போவார். ‘பெரியவருக்குத் தலைக்கனம்’ என்று ஊரில் பேச்சுகூட உண்டு. அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கிட்டப்பார்வை. மைனஸ் இரண்டரை அளவில் இருந்திருக்கும். மைனஸ் இரண்டரைக் கண்ணுக்கு நாற்பது சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்து, வில்லை அசையாமலேயே தெரியும். இயற்கை அவருக்கு உள்ளேயே வாசிப்புக் கண்ணாடி வைத்து அனுப்பியிருந்தது. அதற்கு விலையாகத் தூரத்து உலகத்தை எடுத்துக்கொண்டது. அந்த விலையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு கண் நன்றாகவும் ஒரு கண் லேசான கிட்டப்பார்வையாகவும் அமைந்தவர்களும் இப்படித்தான் கடைசிவரை சமாளிக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

இன்னொரு சாட்சி, பார்வை திரும்ப வந்த பாட்டி. “எழுபத்தஞ்சு வயசுல பாட்டி கண்ணாடியக் கழட்டி வச்சுட்டா, இப்ப சும்மாவே படிக்கிறா, தெய்வம் குடுத்த கண்ணு.” இந்தச் சாட்சிக்கு நான் அஞ்சுகிறேன். வில்லையின் நடுப்பகுதி கெட்டியாகிக் கண்புரை தொடங்கும்போது கண் கிட்டப்பார்வைப் பக்கம் சாயும். அதனால் சில காலம் கிட்டத்து எழுத்து தெளிவாகத் தெரியும். பிறகு அதுவும் போய்விடும். பாட்டிக்கு வந்தது வரம் என்று கொண்டாடுகிற வீட்டில் யாரும் அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதில்லை. வயதான ஒருவர் திடீரென்று கண்ணாடி வேண்டாம் என்றால் அந்த வாரமே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வாதம் இருக்கிறது. என்னை அதிகம் கொதிக்க வைப்பது அதுதான். “படிக்கிறவங்களுக்குத்தானே அது? அவங்களுக்கு எதுக்கு?” கொல்லுப்பட்டறை வேலை, சமையல், தையல், பீடி, தறி என்று பிழைப்பவர்களைப் பற்றிச் சொல்லப்படுவது. எழுத்துக்கு மட்டுந்தான் கிட்டப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், எழுத்து தவிர வேறொன்றும் கையால் தொடாதவர்களின் எண்ணம்.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லாதவை கழிவு என்று ஒதுக்கப்படும். கழிவு கூடினால் கூலி குறையும். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் அதைக் கண்டுபிடித்து முடிச்சிட்டு, விழுதில் கோத்து, அச்சில் இழுக்க வேண்டும். அந்த இழை தலைமுடி போல இருக்கும். திருப்பூரில் பனியன் செக்கிங்கில் உட்காருபவர் ஒரு தையல் விட்டுப்போனதை ஒரு பார்வையில் பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் வாருங்கள்: அரிசியில் கல், பேரன் தலையில் பேன், உள்ளங்காலில் முள், இன்சுலின் ஊசியில் கோடு, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி. இவற்றில் எதற்குப் படிப்பு வேண்டும்?

இதை நிறுவிக் காட்டிவிட்டார்கள். அசாமில் தேயிலைத் தோட்டங்களில் 2017இல் ஒரு பரிசோதனை நடந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட, அதுவரை கண்ணாடியே போட்டிராத 751 பேர். குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மறுபாதிக்குப் பரிசோதனை முடிந்த பிறகு. கொழுந்து பறிப்பவருக்கு எதற்கு வாசிப்புக் கண்ணாடி என்றுதான் யாரும் கேட்பார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளுவது கைக்கெட்டும் தூரத்து வேலை, கூலி எடைக்கு. கண்ணாடி போட்டவர்கள் பறித்தது நாளொன்றுக்குச் சராசரியாக 25 கிலோவிலிருந்து ஏறக்குறைய 35 கிலோவுக்கு உயர்ந்தது. பருவம் நன்றாக இருந்ததால் கண்ணாடி இல்லாதவர்களும் கூடுதலாகவே பறித்தார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் கண்ணாடியால் கிடைத்த லாபம் 21.7 சதவீதம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இன்னும் அதிகம். 2018இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் இது வெளியானது. வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்துவரும் நம் பெண்களை நினைத்துக்கொண்டுதான் அதைப் படித்தேன். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் ‘கை மந்தமாயிருச்சு’ என்று கங்காணியிடம் பேச்சு வாங்கியவர்கள் எத்தனை பேர்! கை மந்தமாகவில்லை, கண் முன்னால் மொட்டு மங்கிவிட்டது.

வங்கதேசத்தில் 56 கிராமங்களில் நடந்த ஆய்வு வருமானத்தையே அளந்தது. 35 முதல் 65 வயதுவரை 824 பேர், எல்லாரும் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் தொழில்காரர்கள். எட்டு மாதத்தில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானத்தின் நடுமதிப்பு 35 டாலரிலிருந்து 47 டாலர் ஆயிற்று. மூன்றில் ஒரு பங்கு உயர்வு. கூடுதல் மூலதனம் இல்லை, பயிற்சி இல்லை. ஒரு கண்ணாடி, அவ்வளவே. ‘பவர் ஏறிரும்’ என்று சொல்லித் தடுப்பவர் அந்த மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்குகிறார். அவருக்கு அது தெரியாது என்பதால் இழப்பு குறைந்துவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுப் பார்வை அறிக்கையின்படி, வெள்ளெழுத்து இருந்தும் தக்க கண்ணாடி கிடைக்காதவர்கள் உலகில் 82.6 கோடிப் பேர்.

இந்த அலட்சியத்தில் மருத்துவ உலகுக்கும் பங்கு உண்டு. பார்வை என்றால் தூரப் பார்வை என்பதே நெடுங்கால வழக்கம். ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய அட்டையில் கீழ்வரிசை தெரிந்தால் ‘கண் நல்லாருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். நாற்பது சென்டிமீட்டரில் எழுத்து தெரியாமல் போவதையும் பார்வைக் குறைபாடு என்று தனியே வரையறுத்து, 2018இல் வெளியான ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடு சேர்த்துக்கொண்டது. மூக்குக்கண்ணாடி பிறந்ததோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில், இத்தாலியில். அது செய்யப்பட்டதே கிட்டத்து எழுத்துக்காகத்தான். தூரத்துக்கான வில்லைகள் பிறகே வந்தன. 1520 வாக்கில் விஜயநகரத்து வியாசராயர் கண்ணாடி வைத்துச் சுவடி படித்ததை அவர் சரிதம் எழுதிய சோமநாதர் குறிப்பிடுகிறார். ‘நம்ம பாட்டன் காலத்துல இதெல்லாம் ஏது’ என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காதவர் இல்லை. 2024 ஆகஸ்டில் இந்தியாவில் ஒரு சொட்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பதினைந்து நிமிடத்தில் வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றி வைக்கலாம் என்று செய்தி பறந்தது. அனுமதித்ததைத் தாண்டி விளம்பரம் செய்தார்கள் என்று செப்டம்பர் 10ஆம் தேதி அரசே அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. அதில் இருந்த பைலோகார்பைன் கண் அழுத்த நோய்க்கு நெடுங்காலமாகப் பயன்படும் பழைய மருந்து. வெள்ளெழுத்துக்கென்று அமெரிக்கா 2021இல் அதை அனுமதித்தது. அது வில்லையை ஒன்றும் செய்வதில்லை. கண்ணின் பாவையைச் சுருக்குகிறது. ஒரு தாளில் குண்டூசியால் துளையிட்டு அதன் வழியாக இந்தப் பக்கத்தைப் பாருங்கள், கண்ணாடி இல்லாமலே எழுத்து கூர்மையாகத் தெரியும்; மருந்து செய்வதும் அதுதான், சில மணி நேரத்துக்கு. பாவை சுருங்கினால் வெளிச்சம் குறையும், இரவில் வண்டி ஓட்டுவது ஆபத்து. விழித்திரை பலவீனமானவர்களுக்கு வேறு ஆபத்தும் உண்டு. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் சிலருக்கு உதவலாம். நூறு இருநூறு ரூபாய்க் கண்ணாடியைப் போடக் கூசி இதற்காகக் காத்திருப்பது எனக்கு விளங்கவில்லை.

கண்ணாடி வாங்கும்போது பவரைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எவ்வளவு தூரத்தில் வேலை? நகைப் பட்டறையில் கல் பதிப்பவர் கால் மீட்டரில் பார்க்கிறார். புத்தகம் நாற்பது சென்டிமீட்டர். தறியும் கணினியும் அறுபது. ஒரே வயதுக்காரர்கள் மூவருக்கும் ஒரே கண்ணாடி பொருந்தாது. அட்டையில் எழுத்து தெரிந்ததும் எழுந்துவிடாமல், வேலை செய்யும் தூரத்தை ஒரு நூலால் அளந்து எடுத்துப் போய் அந்தத் தூரத்தில் பார்த்து வாங்குங்கள். இரட்டை வில்லைக் கண்ணாடியும் படிப்படியாக மாறும் புரோகிரசிவும் வசதிதான். ஆனால் அவற்றைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது கீழ்ப்பாதி வழியே பார்த்தால் படி மங்கும். தலையைக் குனிந்து மேல்பாதியால் பார்க்கப் பழக வேண்டும். வயதானவர்கள் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச்சேருகிறது. நாற்பது வருடத்துக்கு முன் மாட்டிய அதே பல்பின் கீழே அம்மாவைத் தைக்கச் சொல்வது கொடுமை.

நடைபாதையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி கண்ணைக் கெடுத்துவிடும் என்றும் ஒரு பயம் உண்டு. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், கருவிழியின் வளைவு சீராக இல்லாத சிலிண்டர் குறையும் இல்லை என்றால் அது கெடுக்காது. தவறான பவர் தலைவலி தரும், கழற்றினால் போய்விடும். அசாமிலும் வங்கதேசத்திலும் வாழ்க்கையை மாற்றியவை விலை உயர்ந்த கண்ணாடிகள் இல்லை. ஆனாலும் முதல் கண்ணாடியை டாக்டர் பார்த்து வாங்குங்கள் என்றே வற்புறுத்துவேன். காரணம் கண்ணாடி இல்லை, கண் அழுத்த நோய். அது வலிக்காமல், சொல்லாமல், ஓரத்துப் பார்வையைத் தின்னும், போனது திரும்பாது. நாற்பதில் வெள்ளெழுத்து நம்மை டாக்டரின் நாற்காலிவரை இழுத்துப் போகிறதே, அந்த ஒரு வேளையில் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்த்துவிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சர்க்கரை தாறுமாறாக இருக்கும்போது பவரும் தாறுமாறாகத் தெரியும். அது கட்டுக்குள் வந்த பிறகு அளந்தால்தான் கண்ணாடி நிற்கும். ‘தள்ளிப் போடு’ என்ற அறிவுரை நம் கையிலிருந்து தட்டிப் பறிப்பதில் பெரியது இந்த வாய்ப்பு.

இனி அம்மா. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்க அம்மாவைத் தேடித்தான் வருவார்கள். நாற்பத்திரண்டு வயதிருக்கும்போது நூல் கோப்பது கடினமாயிற்று. நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஐந்து ஊசியில் நூல் கோத்து, காலண்டர் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவோம். மதியத்துக்குள் ஐந்தும் தீர்ந்துவிடும். பிறகு மாலைவரை கைவேலை நிற்கும். காஜா கோணியது. எம்மிங்கில் தையல் வெளியே தெரிந்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் துணியைத் திருப்பிக் கொடுத்தார். “கண்ணாடி ஒண்ணு போடலாமா” என்று அம்மா கேட்டபோது வீட்டிலும் தெருவிலும் எல்லாரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். “இப்பயே போட்டா அறுபதுல ஒண்ணுமே தெரியாதுக்கா.” நாற்பத்தேழில் அம்மா தையல் மெஷினுக்குச் சுங்குடித் துணி போர்த்தினார். அதன்மேல் ரேடியோ வந்து உட்கார்ந்தது. தைத்துச் சம்பாதித்தபோது யாரிடமும் கேட்காமல் செலவழித்தவர், அதன்பின் வளையல் வாங்கக்கூட அப்பாவிடம் கேட்டார். ஆறு வருடம். இதையெல்லாம் கண்ணால் பார்த்த நானே பின்னாளில் அதே வாக்குக்குக் கட்டுப்பட்டு ஒன்றரை வருடம் தாளைத் தள்ளிப் பிடித்தேன் என்றால், அது எவ்வளவு ஆழத்தில் ஊறியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்பாவின் கண்புரைக்காக ஒரு முகாமுக்குப் போயிருந்தோம். துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவையும் அங்கிருந்த பெண் ஒருவர் கூப்பிட்டு, சின்ன அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். பிளஸ் இரண்டு. கண்ணாடியோடு வீடு திரும்பிய அன்று மாலை அம்மா ரேடியோவை இறக்கித் தரையில் வைத்தார். மெஷினுக்கு எண்ணெய் விட்டார். ஆனால் புதுத் துணி எதையும் எடுக்கவில்லை. அலமாரியிலிருந்து அக்காவின் பழைய ஜாக்கெட் ஒன்றைத் தேடி எடுத்தார். கடைசியாகத் தைத்துக் கொடுத்தது. கையோரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டோம். “இருங்க, இதை ஒழுங்கா எம்மிங் பண்ணிட்டு வாறேன்” என்றார்.